அடுத்த ஞாயிறு போட்டுக்கலாம்

பிளஸ் டூ படிக்கும்போது பள்ளியில் கொடுத்த லேப்டாப்பை ஆன் செய்தால் கறுப்புத் திரையில் இரண்டு வரி வரும். முதல் வரியைத் தேர்ந்தெடுத்தால் எல்லோருக்கும் பழகிய விண்டோஸ் திறக்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் லினக்ஸ். யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், தனக்குத் தோதாக மாற்றிக்கொள்ளலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம் என்று விட்டுவைத்திருக்கும் சிஸ்டம் அது. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது எங்கள் வகுப்பில் இரண்டாவது வரியைத் தொட்டவள் ஒருத்தியும் கிடையாது. லேப்டாப் கைக்கு வந்ததுமே ஆளாளுக்கு ஆம்பூர் பஜாரில் இருந்த கம்ப்யூட்டர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சினிமாப் பாட்டு ஏற்றிக்கொள்ளத்தான் போனது. கடைக்காரர் என்னுடையதைத் திறந்து பார்த்துவிட்டு, "இது எதுக்கும்மா ரெண்டாவதா ஒண்ணு, சும்மா எடத்த அடைச்சுக்கினு? எடுத்துட்றேன்" என்றார். நானும் தலையாட்டினேன். எடுத்துவிட்டார். பாட்டுக்கு இடம் கிடைத்தது.

வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.சி.ஏ. சேர்ந்தேன். எங்கள் வீடு ஆம்பூருக்கு வெளியே, ஹைவேயை விட்டு உள்ளே தள்ளி இருந்த ஊரில். அப்பா இல்லை. அம்மா ஷூ கம்பெனியில் தையல் லைனில் மெஷின் ஓட்டினாள். ஷூவின் மேல்பாகத்தைத் துண்டு துண்டாக இணைத்துத் தைக்கிற வேலை. காலையில் கம்பெனி பஸ் அவளை ஏற்றிக்கொண்டு போனதும் நான் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புவேன். ஆம்பூர் பஸ் நிலையத்தில் என் வகுப்பில் படிக்கும் ஒருத்தி எனக்காக ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருப்பாள். அவளைத் தோழி என்றே இங்கே சொல்கிறேன்.

தோழியின் வீடு பஜாருக்குப் பின்னால். அவள் அப்பா தோல் புரோக்கர். எந்த மண்டியில் என்ன தோல் வந்திருக்கிறது, தோல் பதனிடும் எந்தத் தோல்ஷாப்புக்கு என்ன தோல் தேவை என்று விசாரித்து இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைப்பது அவர் வேலை. வீட்டில் உருது பேசுவார்கள், வாசலைத் தாண்டினால் தமிழ். அவள் அம்மாவை 'அம்மி' என்பாள். அப்பாவை 'அப்பா' என்பாள். எழுதினால் எங்கள் அப்பாவும் அவர்கள் அப்பாவும் ஒன்றுதான், அவள் சொல்லும்போது மட்டும் அந்த 'ப்பா' கொஞ்சம் மெத்தென்று கேட்கும்.

அவள் படித்தது வேறு பள்ளி, ஆனாலும் அவளிடம் இருந்ததும் அதே மாதிரிப் பள்ளி லேப்டாப்தான். ஆனால் கடைக்குப் போகாதது. 'வந்தது வந்தபடி இருக்கட்டும், கைய வைக்காத' என்று அவள் அப்பா சொல்லிவிட்டாராம். அதனால் அந்த இரண்டாவது வரி அவளுடையதில் தங்கிவிட்டது. ஒருநாள் தவறிப்போய்க் கீழ் அம்புக்குறியை அழுத்தியிருக்கிறாள். அது திறந்திருக்கிறது. மூடத் தெரியாமல் உள்ளே சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறாள். பிறகு மூடப் பிடிக்கவில்லை. இரண்டாம் வருடம் வருவதற்குள் அவளாகவே தேடிப் பிடித்து அதைவிடப் புதியதாக ஒன்றை இறக்கிப் போட்டுக்கொண்டுவிட்டாள்.

என்னுடையதோ ஊர்ந்துகொண்டிருந்தது. பிரிண்ட் எடுக்கும் கடையில் பென் டிரைவைச் செருகினால் அங்கிருக்கிற வைரஸ் அத்தனையும் என்னோடு வீட்டுக்கு வரும். திரையில் எதையாவது தொட்டால் வட்டம் சுற்றும். நிற்கும். மறுபடி சுற்றும். தோழி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இன்னாடி இது, இதுக்குள்ள ஒரு டீ போட்டு எடுத்துக்கினு வந்துடலாம் போல இருக்குது" என்றாள்.

"பழசாயிடுச்சு."

"என்னுதும் இதே வயசுதான். பழசு லேப்டாப் இல்ல, நீ உள்ள வச்சிருக்கிறது. மாத்திப் போடலாம். ஒரு ஞாயித்துக்கெழம போதும்."

"போச்சுன்னா?"

"இன்னா போவும்?"

எங்கள் வீட்டில் அந்த ஒன்றுதான் இருந்தது. கெட்டுப்போனால் இன்னொன்று வராது என்பது மட்டும் தெரியும். அவளிடம் அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. "அடுத்த ஞாயிறு போட்டுக்கலாம்" என்றேன். அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தை நான் எத்தனை தடவை சொன்னேனோ.

என் பயத்தை அவள் புரிந்துகொண்டிருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை மதியம் என்னை லேப்டாப்போடு தன் வீட்டுக்கு அழைத்துப்போனாள். ஒரு பென் டிரைவில் அந்தச் சிஸ்டம் முழுவதையும் வைத்திருந்தாள். அதைச் செருகி அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், லேப்டாப்பில் இருக்கும் எதையும் அது தொடாது, பிடிக்கவில்லை என்றால் பிடுங்கிவிட்டால் பழையபடி ஆகிவிடும் என்றாள். அவள் அம்மி எங்களுக்கு டீ வைத்துவிட்டுக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

திறந்தது. முழுக்கத் தமிழில் திறந்தது. மெனு, கோப்பு, அமைப்பு, எல்லாம் தமிழ். எனக்கு அது என் லேப்டாப்தானா என்று சந்தேகம் வந்துவிட்டது. வட்டம் சுற்றவில்லை. தொட்டதும் வந்தது. நான் ஒவ்வொன்றாகத் திறந்து மூடித் திறந்து மூடி விளையாடினேன். ஒரு இடத்தில் 'செயல்தவிர்' என்று இருந்தது.

"அப்படின்னா?" என்றேன்.

"அண்டூ" என்றாள். "கடைசியா பண்ணத வேணாம்னு திருப்பிக்கிறது."

"இத இப்படியா சொல்லுவாங்க?"

"நீதான் சொல்லேன், எப்படிச் சொல்லலாம்னு."

விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் அடுத்து அவள் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்தச் சொற்களையெல்லாம் கம்பெனிக்காரர்கள் யாரும் எழுதவில்லை, நம்மைப் போன்றவர்கள் வீட்டில் உட்கார்ந்து இணையத்தில் வரிவரியாக எழுதி அனுப்புகிறார்கள், வேறு ஒருவர் சரிபார்த்து ஏற்றுக்கொள்கிறார், நாமும் எழுதலாம் என்றாள். நான் நம்பவில்லை. அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். குழந்தைகள் படம் வரைவதற்கான ஒரு சின்ன மென்பொருள் அங்கே தமிழ் இல்லாமல் கிடந்தது. யாரும் தொடவில்லை.

"இத நம்ப ரெண்டு பேரும் எடுத்துக்கலாமா?" என்றாள்.

அந்த வருடம் எங்களுக்கு அதுதான் வேலை. பஸ்ஸில் பள்ளிகொண்டா டோல்கேட் வருவதற்குள் இரண்டு வரி, திரும்பும்போது மூன்று வரி என்று சொல்லிச் சொல்லிப் பார்ப்போம். வீட்டுக்குப் போய் அவள் ஏற்றிவிடுவாள். படத்தைச் சேமிக்காமல் குழந்தை மூடப் போனால் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வரும். அதைத் தமிழில் எப்படிக் கேட்பது? 'மாற்றங்களைச் சேமிக்க விரும்புகிறீர்களா?' என்று நான் எழுதினேன். தோழி தலையில் அடித்துக்கொண்டாள். "நாலு வயசுக் கொழந்தைய பேங்க் மேனேஜர் மாதிரி கேக்குற." கடைசியில், 'நீ வரைந்ததை வைத்துக்கொள்ளட்டுமா?' என்று எழுதினோம். சரிபார்ப்பவர் யாரோ, எந்த ஊரோ, 'இது நன்றாக இருக்கிறது' என்று பதில் போட்டு ஏற்றுக்கொண்டார். முன்பின் தெரியாத ஒருவர் என் வாக்கியத்தை நன்றாக இருக்கிறது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் நின்ற அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அண்டூவுக்கு மட்டும் எங்களுக்குத் திருப்தியாக ஒரு சொல் அமையவே இல்லை. ஒரு சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன். கம்பெனியிலிருந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"தப்பா தைச்சுட்டா இன்னாம்மா பண்ணுவீங்க?"

"பிரிக்கணும். சூப்பர்வைசர் பாத்தாருன்னா கத்துவாரு. பாக்கறதுக்குள்ள பிரிச்சுடணும்."

'பிரி' என்று எழுதி அனுப்பினோம். 'இரண்டாகப் பிரி என்று பொருள் வந்துவிடும்' என்று திருப்பிவிட்டார்கள். யோசித்துப் பார்த்தால் அவர்கள் சொன்னது சரிதான். அம்மாவிடம் சொன்னபோது, "நல்லதாப் போச்சு, ஒரு வேல கம்மி" என்று சிரித்தாள். ஆனால் அன்றைக்கு நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று அவள் முதல்முறையாகக் கேட்டாள். நான் விளக்கினேன். எவ்வளவு புரிந்ததோ, கடைசிவரை கேட்டாள்.

இவ்வளவு செய்தும் என் லேப்டாப்பில் அந்தச் சிஸ்டம் இல்லை. தோழியின் வீட்டில் பென் டிரைவைச் செருகுவேன், கிளம்பும்போது பிடுங்கிவிடுவேன். வீட்டுக்கு வந்தால் மறுபடி வட்டம் சுற்றும். அவள் அந்தப் பென் டிரைவை எனக்கே கொடுத்துவிட்டாள். அது என் பையில் வீட்டுச்சாவியோடு கிடந்தது. ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் கேட்டேன்.

"அண்ணா, லினக்ஸ் போட்டா இன்னா ஆவும்?"

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "போட்டுக்கோ. அப்பறம் பிரிண்டர் வரல, படம் ஓடல, அது வரல இது வரலன்னு எங்கிட்ட வராத. பேஜார் புடிச்ச வேல. அதெல்லாம் பெரிய பெரிய ஆளுங்களுக்கும்மா."

தோழியிடம் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்தது. "நான் பெரிய ஆளா?" என்றாள். "எங்க வீட்டுல பிரிண்டரே இல்ல. உங்க வீட்டுல இருக்குதா?"

"இல்ல."

"அப்பறம்?"

செமஸ்டர் முடியட்டும் என்றேன். செமஸ்டர் முடிந்தது. புராஜெக்ட் முடியட்டும் என்றேன். அதற்குள் மூன்றாம் வருடம் வந்து, வேலைக்கு ஆள் எடுக்கும் கம்பெனிகள் கல்லூரிக்கு வர ஆரம்பித்தன. முதல் சுற்றுத் தேர்வை வீட்டிலிருந்தே எழுத வேண்டும், அதற்கான மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும் என்றார்கள். எனக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டது. இப்போது நினைத்தால், அந்தக் காரணம் கிடைத்தபோது எனக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது ஞாபகமிருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் அழைப்பு வந்தது. கோயம்புத்தூரில் இரண்டு நாள் கூட்டம். தமிழில் இப்படி எழுதித் தருகிறவர்கள் பல ஊர்களிலிருந்து வந்து கூடுகிறார்கள், நீங்கள் இருவரும் வந்து அந்தக் குழந்தைகள் மென்பொருளைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். தோழி கையில் போனை வைத்துக்கொண்டு வகுப்புக்கு வெளியே என்னை இழுத்துப்போய்ப் படித்துக் காட்டினாள். எங்கள் இருவர் பெயரும் அதில் இருந்தது.

"உங்க வீட்டுல உடுவாங்களா?" என்றேன். எனக்கு அதுதான் முதலில் வாயில் வந்தது.

வகுப்பில் விஷயம் தெரிந்தபோதும் எல்லோரும் அவளிடம் அதையேதான் கேட்டார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அனுப்புவார்கள், அவள் வீட்டில் அனுப்ப மாட்டார்கள் என்று எல்லோரும் முடிவே செய்துவிட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் பஸ்ஸில் ஏறியதும் தோழி சொன்னாள். "அப்பா கூட வர்றாரு. 'ரெண்டு பேரையும் நானே கூட்டிக்கினு போறேன், அந்தப் பொண்ணோட அம்மாவுக்கும் தைரியமா இருக்கும்'னாரு."

நான் "பாக்கலாம்" என்றேன்.

பார்க்கலாம் என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது. முதல் சுற்றுத் தேர்வில் நான் தேறியிருந்தேன். நேர்முகத் தேர்வைக் கூட்டம் தொடங்கும் அதே சனிக்கிழமை வைத்திருந்தார்கள். தோழியும் தன் லேப்டாப்பில் முதல் வரியாக இருந்த விண்டோஸில் எழுதித் தேறியிருந்தாள், ஆனால் அவள் யோசிக்கவே இல்லை. "இன்னொரு கம்பெனி வரும்டி. இவங்க இன்னொரு தடவ கூப்புடுவாங்களா?" என்றாள். வேலைவாய்ப்பைப் பார்த்துக்கொண்ட சாரிடம் நான் தேதியை மாற்ற முடியுமா என்று கேட்டேன். "இத உட்டுட்டு அப்பறம் பொலம்பக் கூடாது" என்றார். அவர் மேல் தப்பில்லை. எத்தனையோ பேர் புலம்பியதைக் கேட்டவர்.

வியாழக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் அவளிடம் சொன்னேன். "நான் வரல. இன்டர்வியூ இருக்குது."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே பார்த்தபடியே, "சரி. நல்லாப் பண்ணு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. இறங்கும்போது வழக்கம்போலக் கையைத் தட்டிவிட்டுத்தான் போனாள்.

சனிக்கிழமை அம்மா கம்பெனிக்கு லீவு போட்டு என்னோடு கல்லூரி வாசல்வரை வந்தாள். இரண்டு பேர் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து வைத்ததைச் சொன்னேன். படிப்பைத் தவிர வேறு என்ன செய்கிறீர்கள் என்றார் ஒருவர். நான் எங்கள் தமிழ் வேலையைப் பற்றிச் சொன்னேன். அவர் குனிந்து எதையோ எழுதிக்கொண்டே, "ஹாபியா?" என்றார். நான் "யெஸ் சார்" என்றேன். அந்த நேரத்துக்குத் தோழி கோயம்புத்தூரில் மேடையில் நின்று பேசிக்கொண்டிருந்திருப்பாள்.

எனக்கு வேலை கிடைத்தது. அம்மா தெருவில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தாள்.

தோழி திரும்பி வந்ததும் ஒரு வாரம் பஸ்ஸில் அதே பேச்சுதான். யாருக்கும் யாரையும் முகம் தெரியாது, எழுதிய வாக்கியங்களைச் சொல்லித்தான் அடையாளம் கண்டுகொண்டார்களாம். 'வைத்துக்கொள்ளட்டுமா' எழுதினது நீங்கதானா என்று ஒரு பெரியவர் வந்து கேட்டிருக்கிறார். அவர்தான் எங்களைச் சரிபார்த்தவர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். "பேங்க் மேனேஜர் மாதிரி கேக்காதன்னு அன்னிக்கு உன்னக் கிண்டல் பண்ணேனே, அவரே பேங்க்கு" என்று சிரித்தாள். "இன்னொருத்தர் எங்கன்னு கேட்டாரு. நான் இன்டர்வியூன்னு சொன்னேன். நெக்ஸ்ட் டைம் வரச்சொல்லுன்னாரு." அவள் அப்பா இரண்டு நாளும் அரங்கத்துக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்து வந்தவர் போனவரிடமெல்லாம் பேசி, கடைசி நாளில் பாதிப் பேருக்குச் சிநேகமாகிவிட்டாராம்.

அந்தக் கூட்டத்தில் பழக்கமானவர்கள் மூலம் அவளுக்கு வீட்டிலிருந்தே செய்கிற பயிற்சி வேலை ஒன்று கிடைத்தது. எனக்கும் சேர்த்துச் சொல்லியிருந்தாள். "நீயும் அப்ளை பண்ணு, ரெண்டு எடம் இருக்குது" என்றாள். என்னிடம்தான் வேலைக்கான கடிதம் இருக்கிறதே, எந்த நாளும் சேரச்சொல்லிக் கூப்பிடலாமே என்று இருந்துவிட்டேன். பயிற்சி முடிந்ததும் பெங்களூரில் ஒரு சின்ன நிறுவனம் அவளை எடுத்துக்கொண்டது. அவள் அப்பாதான் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

என்னை யாரும் கூப்பிடவில்லை. அடுத்த மாதம் என்றார்கள். பிறகு காலாண்டு முடியட்டும் என்றார்கள். நான் தினமும் மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பதும், வட்டம் சுற்றி முடியும்வரை காத்திருப்பதுமாக இருந்தேன். வீட்டில் சும்மா இருந்த அந்தக் காலத்தில் எந்த ஞாயிறும் போட்டிருக்கலாம். எல்லா நாளும் ஞாயிறுதான். ஆனால் கம்பெனியிலிருந்து எந்த நேரமும் ஏதாவது படிவம் வரும், அது இதில்தான் திறக்கும் என்று ஒரு எண்ணம். கடைசியில் ஒரு நாள், சூழ்நிலை மாறிவிட்டது, வருந்துகிறோம் என்று வந்தது. கொஞ்ச நாளில் லேப்டாப்பும் ஆன் ஆகவில்லை. கடைக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு, "போர்டு போய்ட்டுது, விட்டுடு" என்றார். நான் எதற்காகப் பயந்து அதைத் தொடாமல் வைத்திருந்தேனோ அது தானாகவே நடந்துவிட்டது.

இப்போது ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனி ஆபீசில் இருக்கிறேன். வெளிநாட்டுக்குப் போகும் சரக்குக்கான காகிதங்களை அடிக்கிற வேலை. அம்மாவின் சூப்பர்வைசர் ஒருவர் சொல்லிக் கிடைத்தது. மோசமான வேலை இல்லை. கூட வேலை செய்பவர்கள் நல்லவர்கள். கம்பெனி கொடுத்த லேப்டாப்பில் நாமாக எதையும் போடவோ எடுக்கவோ முடியாது, திரையில் இருக்கும் படத்தைக்கூட மாற்ற முடியாது. நான் முயற்சி செய்ததும் இல்லை. தமிழில் எழுதுவது அநேகமாக நின்றுவிட்டது. வாட்ஸ்அப்பில் அம்மாவுக்கு 'கிளம்பிட்டேன்' என்று அனுப்புவது மட்டும் உண்டு.

போன வருடம் தோழியின் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. அவள் விடுப்பில் வந்திருந்தாள். ஆற்காட்டில் இறங்கி மக்கன் பேடா வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். ரொம்ப நாள் கழித்து அந்த வீட்டுக்குப் போகிறேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குரலை வைத்தே என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

"வா பேட்டா, வா. வேல எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குது அங்கிள்."

"சக்கர ஜாஸ்தி இருக்குது எனக்கு. நீ வாங்கியாந்தது என்னான்னு வாசனையே சொல்லுது. அம்மிகிட்ட சொல்லாம ஒண்ணு குடு."

தோழி உள்ளே டீ எடுக்கப் போயிருந்தாள். அவர் பேடாவைச் சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். என்ன நினைத்தாரோ, தன் தோல் வியாபாரத்தில் எவ்வளவோ ஊர் போயிருந்தாலும் அந்தக் கோயம்புத்தூர்ப் பயணம் மாதிரி ஒன்று போனதில்லை என்று சொல்ல ஆரம்பித்தார். மகள் மேடையில் ஏறியபோது மட்டும் மரத்தடியிலிருந்து உள்ளே போய்க் கடைசி வரிசையில் நின்று பார்த்தாராம். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"நீயும் வந்திருக்கலாம் பேட்டா. உனக்கும் டிக்கெட் போட்டிருந்தேன்."

எனக்கு அது தெரியாது.

"மூணு சீட்டு. ஜன்னலோரம் உனக்கு, நடுவுல இவளுக்கு. ஸ்டேஷன்ல வந்துதான் இவ சொன்னா, நீ வரலன்னு. சரி, இன்னா பண்றது. ஜோலார்பேட்டைல ஏறினதும் அந்த எடத்துல எம் பையத் தூக்கி வச்சுக்கினேன். ஒருத்தர் வந்து, பாய் இது காலியான்னு கேட்டாரு. ஆள் வருதுன்னு சொல்லிட்டேன். யாருக்கும் குடுக்க மனசு வரல. சேலம் வரைக்கும் ஆள் வருது, ஆள் வருதுன்னு சொல்லிக்கினே போனேன். அப்பறம் ஒரு கைக்கொழந்தக்காரி வந்து நின்னா. குடுத்துட்டேன்."

அவர் சிரித்தார். குறை சொல்லும் தொனியே அதில் இல்லை. ஒரு பயணக் கதையைச் சொல்வது போலத்தான் சொன்னார். தோழி டீயோடு வந்து நின்றிருந்தாள்.

பஸ் நிலையம்வரை அவள் என்னோடு நடந்து வந்தாள்.

"டிக்கெட் போட்டத ஏன் நீ அப்பவே சொல்லல?" என்றேன்.

"சொல்லி இருந்தா நீ வந்திருப்ப. இன்டர்வியூவ உட்டுட்டு வந்திருப்ப. அப்பறம் வேல கெடைக்கலன்னா? அந்தப் பாவம் எனக்கு வேணாம்னு நெனச்சேன்." சற்று நடந்துவிட்டு, "சொல்லி இருக்கணும்" என்றாள்.

"உடு" என்றேன்.

"புது லேப்டாப் ஏதாச்சும் வாங்குனியா?"

"ஆபீஸ்துதான்."

அவள் மேலே எதுவும் கேட்கவில்லை. முன்பெல்லாம் கேட்டிருப்பாள், விடமாட்டாள். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து பார்த்தேன். அவள் போனில் யாரிடமோ பேசிக்கொண்டே திரும்பி நடந்துகொண்டிருந்தாள். பெங்களூர் ஆபீசாக இருக்கும். கையை ஆட்டி ஆட்டி எதையோ விளக்கிக்கொண்டு போனாள்.

வீட்டில் அம்மா அப்போதுதான் கம்பெனியிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். தோழியின் அப்பாவுக்குக் கண் எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். சொன்னேன். அந்த இருக்கையைப் பற்றியும் சொன்னேன். கோயம்புத்தூர் என்ற பேச்சே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் அப்போது வீட்டில் இன்டர்வியூவைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்காமல் அம்மா என்னையே பார்த்தாள்.

"என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா போயிட்டு வான்னு அனுப்பி இருப்பேனேடி."

"தெரியும்மா" என்றேன்.

அது எனக்கு அப்போதே தெரியும். கேட்டிருந்தால் போகச் சொல்லியிருப்பாள், போகவேண்டியதாகிவிட்டிருக்கும். அதனால்தான் கேட்கவில்லையோ என்று இப்போது தோன்றுகிறது. அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஜன்னலோர சீட்டு வேற" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.